ஆரியசாலைப் பெருங்காயமும் நாலு புத்திசாலிகளும்

உங்களில் யாரிடமாவது ஒரு நோயாளி வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் ததும்ப, "டாக்டர், இந்த உலகத்தில் என்னைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான்" என்று சொன்னால், தயவுசெய்து பூரித்துப் போகாதீர்கள். எழுந்து வெளியே வந்து, முதலில் உங்கள் சட்டைப் பையை முகர்ந்து பாருங்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கிழவன் பேனாவை எடுத்திருக்கிறான்.

நீங்கள் இப்போது 'ஆளுமைக் கோளாறு' என்று அழகாகப் பெயர் வைத்து, அதை வகை வகையாகப் பிரித்து, பரீட்சையும் எழுதிவிட்டு வருகிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்கு ஊரில் இருந்த பெயர் "அவன் சுபாவமே அப்படி" என்பதுதான். எங்கள் பதிவேட்டிலோ மொத்தம் இரண்டே வியாதிகள். ஒன்று பைத்தியம், இன்னொன்று நரம்புத் தளர்ச்சி. வில்வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டாவதைத்தான் எழுதுவோம்.

மகாராஜா காலம். திருவனந்தபுரம் நகரத்துக்குள் மின்விளக்கு வந்துவிட்டது. சாஸ்தமங்கலம் தாண்டி ஒரு மேட்டில் இருந்த எங்கள் மனநோய் விடுதிக்கு இன்னும் வரவில்லை. ஒரு டாக்டர் சொந்தமாக நடத்திய இடம், இருபது கட்டில். அவரைப் பெரிய டாக்டர் என்போம். மலையாளி, தங்கமான மனுஷர், தமிழை மலையாளமாகவும் மலையாளத்தைத் தமிழாகவும் பேசுவார். சின்ன டாக்டர் அடியேன். இருபத்தாறு வயது. கரமனை அக்ரகாரத்திலிருந்து சைக்கிளில், கோட்டும் தலைப்பாகையுமாக, போகிற வழியில் இருக்கும் நாய்களுக்கெல்லாம் வேலை கொடுத்துக்கொண்டே வருவேன்.

சீமையிலிருந்து ஒரு மனோதத்துவப் புத்தகம் தருவித்து அறுபது பக்கம் படித்திருந்தேன். மீதியைக் கரையான் படித்துவிட்டது. எங்கள் இருவரில் அதிகம் படித்தது கரையான்தான். ஆனால் அது அடக்கமாக இருந்தது; நான் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆறுமுகம் பிள்ளை வந்து சேர்ந்தார். ஆரியசாலையில் பெருங்காய மொத்த வியாபாரம். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வயது, சிவந்த முகம், பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் எழுந்திருக்க மாட்டார். அழைத்து வந்த அண்ணன் என் காதோடு சொன்னார்: "டாக்டர் சாமி, தம்பிக்குப் பைத்தியம் கிடையாது. அவனோட இருக்குற எங்களுக்குத்தான் பிடிச்சிக்கிட்டு வருது."

எவ்வளவு துல்லியமான நோய்க்குறிப்பு! அதை அப்படியே பதிவேட்டில் எழுதியிருந்தால் என் பெயர் நிலைத்திருக்கும். நான் எழுதியது, நரம்புத் தளர்ச்சி.

வந்த மூன்றாம் நாளே பிள்ளை என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "டாக்டர் சாமி, பெரியவருக்கு வயசாச்சு. கம்பவுண்டருக்குக் கலக்கத்தான் தெரியும். உங்க கண்ணைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவருதாம்னு. என்னைப் புரிஞ்சுக்கிட்டவுக நீங்க ஒருத்தர்தான்."

அன்று மாலை கரமனை வரை சைக்கிள் தரையில் ஓடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிள்ளையின் மனைவி கோமதியம்மாள் வியாழக்கிழமைதோறும் வருவாள். அவளைப் பற்றிப் பிள்ளை என்னிடம் நிறையச் சொல்லியிருந்தார்: கல் நெஞ்சுக்காரி, மூன்று தடவை தாய் வீட்டுக்குப் போய்விட்டவள், அவருடைய அன்பை அறியாதவள். அறுபது பக்கம் படித்த நான் அவளை எதிரே உட்கார வைத்து, கணவனிடம் கனிவாக இருப்பது எப்படி என்று பிரசங்கம் செய்தேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவள் முழுவதும் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "டாக்டர் சாமி, காலையில நான் அவுகளுக்கு மீனாச்சி. மண்ணுல கால் படக் கூடாதும்பாக. சாயங்காலம் தண்ணி கொண்டாரதுக்கு ரெண்டு நிமிசம் பிந்திச்சின்னா மூதேவி, துரோகி, எப்படா ஓடிப்போவோம்னு இருக்கவ. ரெண்டுக்கும் நடுவுல அரை மணி நேரம் மனுஷியா இருக்க விட்டாப் போதும்னு இருக்கு. அதுக்கு உங்ககிட்ட மருந்து இருக்கா?"

நான் அதற்கு, "நீங்கள் இன்னும் கொஞ்சம் கனிவாக..." என்று மறுபடி ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் சிலர் போன வாரம்கூட இதைச் செய்திருப்பீர்கள்.

இப்போது ஞானம்மாள் சிஸ்டர். மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், என்னைவிட நாலு வயது மூத்தவள். விடுதியை ஒட்டிய ஓர் அறையில் தங்கியிருந்தாள். தங்கையைத் தன் சம்பளத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சொன்ன நேரத்துக்கு வருவாள், சொன்ன நேரத்துக்குப் போவாள், அதிகம் சிரிக்க மாட்டாள். பிள்ளை முதல் வாரத்தில் அவளை வேளாங்கண்ணி மாதாவே என்றார். இரண்டாம் வாரத்திலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடித்தார்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. எனக்கும் சிஸ்டருக்கும் பேச்சு நின்றுபோனது. காரணம், என் இங்கிலீஷைக் கேட்டு அவள் அடுக்களையில் சிரித்ததாகப் பிள்ளை வருத்தத்தோடு என்னிடம் சொல்லியிருந்தார். கம்பவுண்டர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தலைமை வார்டர் கம்பவுண்டரிடம் பேசுவதில்லை. ஒரு மாதத்தில் எங்கள் விடுதியில் நோயாளிகள் ஒருவரோடொருவர் கலகலப்பாக இருந்தார்கள். நாங்கள்தான் ஆளுக்கொரு மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து வருகிறவர் யார் வைத்தியர், யார் நோயாளி என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு நாள் பிள்ளை அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்: ஞானம்மாள் தன்னைப் பட்டினி போடுகிறாள், கஞ்சி கேட்டதற்குக் கைமேல் அடித்தாள். கையை நீட்டிக் காட்டினார். சிவந்துதான் இருந்தது. அவர் உடம்பு முழுக்கவே சிவப்பு என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு ரிப்போர்ட் எழுதினேன். 'அனுதாபமற்ற', 'குரூரமான', இன்னும் எனக்கே அர்த்தம் சரியாகத் தெரியாத இரண்டு சொற்கள். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நானும் இன்றைக்கு உங்களிடம் பெரிய மனுஷனாக நடித்துக்கொண்டிருப்பேன்.

பெரிய டாக்டர் தீர்மானம் செய்துவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். ரிப்போர்ட் வாசிக்கப்படும், சிஸ்டர் அன்றே அறையைக் காலி செய்ய வேண்டும். காரணம் எழுதிய கடிதத்தோடு அனுப்பினால் திருவிதாங்கூரில் வேறெந்த ஆஸ்பத்திரியும் அவளை உள்ளே விடாது. தங்கையின் படிப்பும் அத்தோடு சரி.

இடவப்பாதி என்று அங்கே சொல்கிற பருவமழை பிடித்த வாரம் அது. திங்கட்கிழமை காலை வார்டுக்குப் போனேன். பிள்ளை என்னை ஓரமாக அழைத்து, என் உள்ளங்கையில் ஒரு சின்னத் தகர டப்பியை வைத்து மூடினார். மேலே மயில் படம்.

"கடையில முதல் தரம். வெளியில விக்கிறதில்ல. இது கைக்கூலின்னு நெனச்சிராதீங்க, அன்பு. யாருகிட்டயும் சொல்லாதீங்க, பொறாமப் படுவாங்க. உங்க ஒருத்தருக்குத்தான்."

கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டேன், நெஞ்சுக்குப் பக்கத்தில். வார்டிலிருந்து ஆபீஸுக்கு முற்றத்தைக் கடக்க வேண்டும். குடை பிடித்தும் கோட்டு நனைந்தது.

ஆபீஸ் அறையில் ஐந்து பேர். பெரிய டாக்டர், நான், கம்பவுண்டர், தலைமை வார்டர், எதிரில் கைகளைக் கட்டிக்கொண்டு சிஸ்டர். சாரல் அடிக்கிறதென்று கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தார்கள்.

"எடோ சாமி, ரிப்போர்ட்டை வாசிச்சோ," என்றார் பெரிய டாக்டர்.

எழுந்து, தொண்டையைக் கனைத்து, முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் வந்தது மணம்.

பெருங்காய மணம் என்றால் சாம்பாரிலிருந்து வருகிற சாதுவான மணம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தரக் கட்டிப் பெருங்காயம், ஈரம் பட்டது, மூடிய அறை. கல்யாணப் பந்தியில் இருநூறு இலைக்கு நடுவே உட்கார்ந்ததுபோல இருந்தது. எனக்கு வேர்த்தது. என் நெஞ்சிலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். முழங்கையால் பையை அழுத்திக்கொண்டு இன்னும் உரக்க வாசித்தேன். அழுத்த அழுத்த மணமும் உரக்க வந்தது.

விசித்திரம் என்னவென்றால் மற்ற மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டர் உத்தரத்தைப் பார்த்தார். கம்பவுண்டர் தன் மடியைப் பார்த்தார். வார்டர் இரண்டு கையாலும் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

"அடுக்களையில எந்தோ தாளிக்குந்நு அல்லே?" என்றார் பெரிய டாக்டர், பலவீனமாக.

"அதே சாரே, ரசமாயிருக்கும்," என்றார் கம்பவுண்டர், அவசரமாக.

சிஸ்டர் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அடுக்களை கெழக்கால இல்லா இருக்கு. காத்து மேக்கேயிருந்து அடிக்குது. சன்னலும் சாத்தியிருக்கு. பத்து மணிக்கு ரசம் தாளிக்க மாட்டாவ சார். இது இந்த முறிக்குள்ளயாக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "சின்ன டாக்டர், உங்க கோட்டு நனைஞ்சிருக்கு. காயத்துல ஈரம் பட்டா மணம் தூக்கும்."

"அது... எனக்கு வாயு உபாதை. மருந்துக்காக வெச்சிருக்கேன்," என்றேன் நான், திருவனந்தபுரத்தின் மனோதத்துவ மேதை.

"செரி," என்றாள் அவள். "வாசியுங்க. என்னைப் பத்தித்தானே? நானும் கேக்கணும்."

கையில் ரிப்போர்ட். அடுத்த வரி, 'அனுதாபமற்ற'. அந்தச் சொல்லை அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், நெஞ்சில் டப்பியை வைத்துக்கொண்டு. சொல்லியிருப்பேனா? வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் பயப்படுகிறேன். அன்றைக்கு மணம் என்னை விடவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் முக்கால்வாசியை என் மூக்குதான் எடுத்திருக்கிறது.

டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இன்னிக்குக் கார்த்தால பிள்ளை கொடுத்தார். அவரைப் புரிஞ்சுண்டவன் நான் ஒருத்தன்தானாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னார்."

பிறகு கம்பவுண்டர் எழுந்து, மடியை அவிழ்த்து, ஒரு டப்பியை என் டப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். மயில். வார்டர் தலைப்பாகையை எடுத்தார். உள்ளேயிருந்து ஒரு மயில் இறங்கியது. மூவரும் பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். அப்புறம் மெல்ல மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

அவருடைய டப்பி எங்களுடையதைவிடப் பெரிது. நான் ஏமாந்தது எனக்கு உறைக்கவில்லை; அந்த அளவு வித்தியாசம்தான் உறைத்தது. மனித மனத்தை ஆராய வந்தவன் நான்!

"சிஸ்டருக்குத் தரல்லே?" என்றார் கம்பவுண்டர்.

"ரெண்டாம் வாரமே தந்தாரு. அடுக்களையில குடுத்துட்டேன். அஞ்சாறு நாளாட்டு சாம்பார் நல்லா இருந்துதேன்னு நீங்கதானே சொன்னிய? நான் அதை எல்லாருக்குமா ஆக்கினதுதான் அவருக்குப் பொறுக்கல்ல. அன்னையிலேயிருந்துதான் நான் துரோகி. கஞ்சி ரெண்டு வேளையும் குடுத்திருக்கேன், அடுக்களைப் புஸ்தகத்துல இருக்கு. அடிக்கல்ல. யாராவது கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

யாராவது கேட்டிருந்தால். அந்த இரண்டு சொற்களும் கன்னத்தில் விட்ட அறைபோல நாலு பேருக்கும் சமமாக விழுந்தன.

அப்புறம் ஒரே களேபரம். "நான் உம்ம இங்கிலீஷைப் பாத்து சிரிச்சேனா? எனக்கு அது மனசிலானாத்தானே சிரிக்கதுக்கு!" என்றாள் சிஸ்டர். "என்னை வெறும் பொடி மடிக்கிறவன்னு சாமி சொன்னதாயிட்டு பிள்ளை சொல்லிக் கேட்டு," என்றார் கம்பவுண்டர். "ஐயோ, உங்களைப் பத்தி நான் நினைச்சதே இல்லையே!" என்றேன், அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஒரு மாதச் சண்டை முழுவதும் அரை மணியில் அவிழ்ந்து தரையில் கிடந்தது. முதலில் சிரித்தது வார்டர். அவர் சிரிக்க, கம்பவுண்டர் சிரிக்க, நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பெரிய டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் ரிப்போர்ட்டை வாங்கி நாலாகக் கிழித்தார்.

சிரித்து முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. "கள்ளன்! நாலு பேரையும் முட்டாளாக்கிட்டான் அல்லே? இன்னைக்கே டிஸ்சார்ஜ். அண்ணனை விளிச்சோ."

நாங்கள் மூவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அதாவது, காலை ஒன்பதரைக்கு எங்கள் அருமைப் பிள்ளை, பதினொன்றுக்குக் கள்ளன்.

தடுத்தது, அவரால் வேலை போக இருந்தவள். "சார், ஒரு காரியம் சொல்லட்டா? அவரு கள்ளத்தனமாட்டுத் தரல்ல. உங்க கையில தரும்போ நீங்க ஒருத்தர்தான்னு நெசமாட்டே நெனச்சுதான் தந்திருப்பாரு. அடுத்தாளு கையில தரும்போ அதுவும் நெசம். என்னை மாதான்னு சொன்னதும் நெசம், துரோகின்னு சொன்னதும் நெசம். ரெண்டுக்கும் இடையில ஒரு பாலம் இல்ல, அம்புடுதான். எல்லாரும் என்னைக்காவது தன்னை விட்டுட்டுப் போயிருவாங்கன்னு ஒரு பயம் அவருக்கு. இப்போ நாம தொரத்தினா, 'நான் சொன்னேன்லா'ன்னு ஆயிரும். பின்னே, காலையில தெய்வம், உச்சைக்குக் கள்ளன்னு நாமளும் சொன்னா, அவருக்கும் நமக்கும் கட்டில்தானே வித்தியாசம்?"

அறுபது பக்கத்தில் இது இல்லை. கரையான் தின்ற பக்கங்களில் இருந்ததோ என்னவோ.

அன்றைக்கு ஒரு ஏற்பாடு செய்தோம். எங்களில் யாரிடம் பிள்ளை எது சொன்னாலும் மறுநாள் காலை ஐந்து பேரும் உட்கார்ந்து அதை உரக்கச் சொல்லிவிட வேண்டும். அன்பளிப்பு எதுவானாலும் அடுக்களைக்கு. நான் தினமும் நாலு மணிக்குப் போவேன், நாலரைக்கு எழுந்துவிடுவேன். புகழ்ந்தால் ஐந்து நிமிஷம் கூட இருக்கக் கூடாது; திட்டினால் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடக் கூடாது.

சொல்வது சுலபம். முதல் நாள் நாலு மணிக்குப் போய், டப்பிகள் அடுக்களைக்குப் போன கதையைச் சொன்னேன். பிள்ளையின் முகம் கறுத்தது. "துரோகி! நீயும் அந்தக் கூட்டந்தானா? உன்னைப் போயி நம்புனேனே! இனி என் மூஞ்சில முழிக்காத!"

ஒரு மாதமாகத் தெய்வமாக இருந்து பழகியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அவர் காலில் விழுந்து, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத் துடித்தது. இல்லாவிட்டால் பதிலுக்கு ஒரு வண்டி வசவு திட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு ஏழு. அந்த இருபத்து மூன்று நிமிஷத்தைப் போல நீளமான நேரம் என் சர்வீஸில் வேறில்லை. நாலரைக்கு எழுந்து, "நாளைக்கு நாலு மணிக்கு வரேன்," என்றேன்.

"வர வேண்டாம்!"

"வருவேன்."

எத்தனை நாள் என்று எண்ணவில்லை. ஒரு நாள் வசவு, ஒரு நாள் மௌனம், ஒரு நாள் "நீங்கதான் டாக்டர் சாமி, நீங்கதான்" என்று கண்ணீர். அது வசவைவிட ஆபத்து. நாற்காலி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழையெல்லாம் ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவர் என்னைக் கேட்டார்: "நேத்து அவ்வளவு பேச்சுப் பேசுனேனே. இன்னைக்கு ஏன் வந்தீங்க?"

"நாலு மணி ஆச்சே," என்றேன்.

பிள்ளை சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை அவரிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. வசீகரம் எதுவும் இல்லாத, சாதாரணச் சிரிப்பு.

கோமதியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஏற்பாட்டையும் விளக்கினேன். அவள் சொன்னாள்: "அவுக சொல்றதுக்கெல்லாம் ஆடாம, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன நேரத்துக்குப் போகணும். அவ்வளவுதான? இதைத் தெரிஞ்சுக்கத்தானா டாக்டர் சாமி எனக்கு இத்தனை வியாழக்கிழமை பிரசங்கம் பண்ணுனீங்க?" ஆனால் அவளும் ஆரம்பித்தாள். பிள்ளை வீடு திரும்பிய பிறகு, கோபம் வந்த நாளில், "நான் அம்மா வீட்டுக்குப் போறேன், ஞாயித்துக்கிழமை வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய், ஞாயிற்றுக்கிழமை வந்தாள். இரண்டாம் தடவையும் வந்தாள். அந்த இரண்டு தடவையும் தந்திமேல் தந்தி அடித்த பிள்ளை, மூன்றாம் தடவை அடிக்கவில்லை.

குணமாகிவிட்டாரா என்று கேட்காதீர்கள். சுபாவம் காய்ச்சலைப் போல இறங்கிவிடுவதில்லை. மீனாட்சிக்கும் மூதேவிக்கும் நடுவே கோமதி என்று ஒருத்தி வாரத்தில் சில நாள் இருக்க முடிந்தது. சில வாரம் எல்லா நாளும். ஞானம்மாள் சிஸ்டர் அதே அறையில் இருந்தாள். தங்கை படித்து முடித்து வாத்தியாரம்மா ஆனாள். என் இங்கிலீஷ் ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு சிஸ்டரிடம் வாசித்து, தமிழில் அர்த்தமும் சொன்ன பிறகே பெரிய டாக்டரிடம் போயின. அவள் சிரித்தால் அந்த வரியை அடித்துவிடுவேன். ரிப்போர்ட்டுகள் ரொம்பவும் சுருங்கிவிட்டன.

பல வருஷம் கழித்து, தலை நரைத்த பிறகு, ஒரு நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனவன் அப்படியே ஆரியசாலைப் பக்கம் நடந்தேன். மணமே வழி காட்டியது. பிள்ளை கல்லாவிலிருந்து குதித்து இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"டாக்டர் சாமி! இந்த ஒலகத்துல என்னைப் புரிஞ்சுக்கிட்டவுக நீங்க ஒருத்தர்தான்..."

உள்ளே மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கோமதியம்மாளின் குரல் வந்தது. "அஞ்சு பேருல ஒருத்தர்னு சொல்லுங்க!"

பிள்ளை நிறுத்தினார். யோசித்தார். வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஆமா. அஞ்சு பேருல ஒருத்தர். இவளையும் சேத்தா ஆறு."

நானும் சிரித்துக்கொண்டே விடைபெற்றேன். அவர் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, நானும் எதுவும் வாங்கவில்லை. ஆனால் உங்களிடம் மறைப்பானேன்? அவர் சொன்ன முதல் பாதிக்கும், அந்த அம்மாள் குரல் கொடுத்ததற்கும் இடையே ஒரு கணம் இருந்தது பாருங்கள், அந்தக் கணத்தில் அறுபது வயது நெஞ்சு இருபத்தாறாகித் துள்ளியது.

தெருமுனை திரும்பியதும், யாரும் பார்க்கவில்லையே என்று உறுதிசெய்துகொண்டு, வெறும் சட்டைப் பையை முகர்ந்து பார்த்தேன். கமகமவென்று இருந்தது.